இலையை மஞ்சளாக்கும் 369 எழுத்துகள்

பெங்களூர் அல்சூரில் மொட்டைமாடித் தோட்டம் போட்டிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் இரண்டு தக்காளி. இரண்டுக்கும் வைரஸ்தான் என்றார் நர்சரிக்காரர். ஒன்றில் இலை நூல் மாதிரி மெலிந்ததோடு சரி, மற்றது கருகியே போய்விட்டது. எதிர்வீட்டு அம்மா கண்ணு பட்டிருக்கு என்கிறார். ஒரே வைரஸ் எப்படி இப்படி?"

உங்கள் செடிகளுக்கு என்ன என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். ஆனால் ஒரே வைரஸ் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு நிரூபணமான காரணம் ஒன்று உண்டு. சாட்டிலைட் ஆர்.என்.ஏ. ஆர்.என்.ஏ. என்பது டி.என்.ஏ. போலவே மரபுச் செய்தி சுமக்கும் மூலக்கூறு. அது கோத்திருக்கும் ஒவ்வொரு அலகையும் இங்கே ஓர் எழுத்து என்கிறேன்.

அசுவினிப் பூச்சி பரப்பும், தக்காளி, மிளகாயையும் தாக்கும் வெள்ளரித் தேமல் வைரஸோடு சில சமயம் ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வும் ஒட்டிக்கொண்டு வரும். நீளம் பெரும்பாலும் 400 எழுத்துக்குள்தான். அது எந்தப் புரதத்தையும் உண்டாக்குவதில்லை. நகலெடுக்க, உறை போர்த்திக்கொள்ள, எல்லாவற்றுக்கும் வைரஸ்தான் வேண்டும். பங்குக்கு ஆள் வந்துவிட்டதால் பெரும்பாலும் வைரஸ் இளைத்து, நோயும் தணிகிறது. சில வகைகள் நேர்மாறு. 1972இல் பிரான்சின் அல்சாஸில் தக்காளி வயல்கள் கருகியதற்கு இப்படியொரு சாட்டிலைட்தான் காரணம். அது புகுந்தால் தக்காளியின் செல்கள் தாமே மடிகின்றன.

இதைவிட என்னை மயக்குவது, புகையிலையைப் பளிச்சென்று மஞ்சளாக்கும் ஒய்-சாட்டிலைட். 369 எழுத்து. புரதமே செய்யாத ஒன்று எப்படி நிறத்தை மாற்றும்? 2011இல் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே விடை கண்டன. அந்நிய ஆர்.என்.ஏ.வைக் கண்டால் செடி அதைப் பொடிப்பொடியாக நறுக்கும். நறுக்கிய துண்டுகளையே அடையாளச் சீட்டாக வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் ஆர்.என்.ஏ. எங்கிருந்தாலும் தேடி வெட்டும். நல்ல காவல்தான். ஆனால் ஒய்-சாட்டிலைட்டின் ஒரு 22 எழுத்துப் பகுதி, பச்சையம் தயாரிக்க உதவும் புகையிலை மரபணு ஒன்றின் ஆர்.என்.ஏ. நகலோடு பூட்டும் சாவியும் போலப் பொருந்துகிறது. செடியின் காவலே செடியின் பச்சையத்தை வெட்டிவிடுகிறது! அந்த 22 எழுத்து இடத்தை மட்டும் மாற்றிய மரபணுவைப் புகையிலைக்குள் வைத்துப் பார்த்தார்கள். சாட்டிலைட் உள்ளே இருந்தும் இலை மஞ்சளாகவில்லை.

"புகையிலை மஞ்சளானால் யாருக்கு என்ன, இதற்கெல்லாம் பணமா?" என்று பெங்களூரில் படித்தவர்களே கேட்டுக் காதால் கேட்டிருக்கிறேன். எனக்கு வருத்தம்தான். இத்தகைய கேள்விகளுக்குப் பொதுப்பணம் தாராளமாகப் போக வேண்டும். திருஷ்டி என்ற பதிலோடு நின்றிருந்தால் அந்த 22 எழுத்து யார் கண்ணுக்கும் பட்டிருக்காது.

அப்புறம், 2021இல் இன்னொன்றும் தெரிந்தது. ஒய்-சாட்டிலைட் உள்ள செடியைத் தின்ற அசுவினி சிவந்து, இறக்கை முளைக்கிறது. ஆக, இந்தச் சாட்டிலைட் முதலில் மஞ்சள் நிறம் காட்டிப் பூச்சியை இழுக்கிறது, பிறகு அடுத்த செடிக்குப் பறக்க இறக்கையும் தருகிறது.

ஆகவே கருகிய செடியை வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். மெலிந்த செடியையும் வைத்திருக்காதீர்கள், நோய் தணிந்திருந்தாலும் வைரஸ் உள்ளேதான் இருக்கும். மிளகாய்ச் செடி பக்கத்தில் இருந்தால் இன்றே இலையைத் திருப்பி அடியில் அசுவினி இருக்கிறதா என்று பாருங்கள்.