புத்தாக்கம்: ஒரு கொள்கைச் சொல்லின் கதை

அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் வளர்க்க ஒரு நாட்டின் அரசு வகுத்துக்கொள்ளும் வழிமுறையை 'சயின்ஸ் அண்டு இன்னொவேஷன் பாலிசி' என்கிறார்கள். தமிழில் இதை 'அறிவியல் மற்றும் கண்டுபிடிப்புக் கொள்கை' என்று எழுதுவது உண்டு. இன்னொவேஷனுக்குக் கண்டுபிடிப்பு என்று போட்டால் பொருளே மாறிவிடும்.

லத்தீனில் 'நோவுஸ்' என்றால் புதியது. 'இன்னொவாரே' என்றால் புதுப்பித்தல். ஆனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல் நெடுங்காலம் வசவாகத்தான் இருந்தது. தேவாலயச் சடங்குகளைத் தன்னிச்சையாக 'இன்னொவேட்' செய்பவர்களுக்கு எதிராக 1548இல் இங்கிலாந்து மன்னர் ஆறாம் எட்வர்டின் அரசு ஆணையே போட்டது. 20ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியப் பொருளியலாளர் யோசப் சும்பீட்டர் இதற்குப் புதுப்பொருள் கொடுத்தார். ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடிப்பது வேறு, அதை உற்பத்திக்கும் சந்தைக்கும் கொண்டுவருவது வேறு. பின்னதுதான் இன்னொவேஷன் என்றார். புதிய சந்தை, புதிய மூலப்பொருள், ஒரு தொழில்துறையின் புதிய அமைப்பு எல்லாம் அவர் கணக்கில் சேரும்.

பெனிசிலினைப் பாருங்கள். 1928இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஃபிளெமிங் கண்டறிந்தார். அது மருந்தாகப் பயன்படும் என்று காட்ட, 1940ஐ ஒட்டி ஆக்ஸ்ஃபோர்டு குழு உழைக்க வேண்டியிருந்தது. அப்புறம் அமெரிக்க அரசின் வேளாண் ஆய்வகமும் மருந்து நிறுவனங்களும் சேர்ந்து, பெரிய தொட்டிகளில் நொதிக்கவைத்து ஏராளமாகத் தயாரிக்கும் வழியைக் கண்டன. கண்டறிதலுக்கும் நோயாளி கைக்கும் இடையில் இத்தனை ஆண்டு இடைவெளி! அதைக் குறைப்பதுதான் இந்தக் கொள்கையின் முக்கியமான வேலை. ஆராய்ச்சி மானியம், வரிச்சலுகை, காப்புரிமைச் சட்டம், புதிய பொருளை அரசே முதலில் வாங்குவது எல்லாம் அதற்கான கருவிகள். 'கண்டுபிடிப்பு' என்று மட்டும் எழுதினால் மானியம் நினைவுக்கு வரும், மற்றவை விட்டுப்போகும்.

இன்னொவேஷனை அளப்பதற்கான ஓஸ்லோ கையேடு என்ற சர்வதேச நூலும் இதையே வலியுறுத்துகிறது: புதிய பொருள் பயனருக்குக் கிடைக்கும்படி வந்திருக்க வேண்டும், அல்லது புதிய முறை செயலில் இறங்கியிருக்க வேண்டும். ஆய்வகத்தோடு நின்றுவிட்டால் அது இன்னொவேஷன் ஆகாது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'புதுமை' என்பது பண்பை மட்டும் சொல்கிறது. செயல் அதில் இல்லை. 'புத்தாக்கம்' பொருத்தமானது. புதுமை + ஆக்கம். புத்தாண்டு, புத்தாடை போலப் புணர்ந்த சொல். ஆக்கம் என்றால் ஆக்குதல். பழந்தமிழில் செல்வம், உயர்வு என்ற பொருளும் உண்டு, கேடு என்பதற்கு எதிர்ச்சொல். சும்பீட்டர் சொன்ன பொருளாதாரப் பயனும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது என்பதுதான் எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி.

இந்தியக் கொள்கைகளின் பெயர்களிலேயே இந்த வளர்ச்சி தெரியும். 1958இல் அறிவியல் கொள்கைத் தீர்மானம், 1983இல் தொழில்நுட்பக் கொள்கை அறிக்கை, 2003இல் இரண்டும் சேர்ந்த கொள்கை. 2013இல்தான் புத்தாக்கம் பெயரில் ஏறியது.

'கொள்கை'யிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். அணுக்கொள்கை, சார்பியல் கொள்கை என்று பாடநூல்கள் கோட்பாட்டையும் அப்படித்தான் சொல்கின்றன. வெறும் 'அறிவியல் கொள்கை' என்றால் மாணவர் குழம்பலாம். 'தேசிய அறிவியல், புத்தாக்கக் கொள்கை' என்றோ 'அரசின் அறிவியல் கொள்கை' என்றோ எழுதினால் தெளிவாகிவிடும்.