கவுனைக் கழற்றும் முன் கட்டுகளை எண்ணுங்கள்

வக்கீல் தொழிலை விட்டு வேறு வேலைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருடம் ஒரு பாகப்பிரிவினை வழக்கின் கட்டு, அதாவது வழக்குக் கோப்பு, என் மேசைக்கு வந்தது. கொண்டு வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய அம்மா. வழக்கில் அவர் பிரதிவாதி. வக்கீல் வைத்து, தனக்காக வாதாட அவருக்கு அதிகாரம் தரும் வக்காலத்தும் போட்டிருந்தார். ஆனால் பதிலுரை தாக்கல் ஆகவே இல்லை. அந்த இளம் வக்கீல் ஒரு தனியார் கம்பெனியில் சட்ட அலுவலராகச் சேர்ந்து சென்னைக்குப் போய்விட்டார். கட்டை யாரிடமும் கொடுக்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. வாய்தாவுக்கு யாரும் வராததால் எக்ஸ்பார்ட்டி ஆகி, அதாவது அம்மாவின் தரப்பைக் கேட்காமலேயே, தீர்ப்பும் வந்துவிட்டது. அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் கெடு. அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததே எட்டு மாதம் கழித்து.

அந்தத் தம்பியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஜூனியராக இருந்த நாலு வருடத்தில் அவருக்குக் கிடைத்த பணம் அறை வாடகைக்குக்கூடப் போதவில்லை. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. நான் பார்க்கும் தாலுகா கோர்ட்டுகளில் அந்தத் தொகையைக் கையில் வாங்கிய ஜூனியரை இன்னும் சந்திக்கவில்லை. வீட்டில் கடன், தங்கை கல்யாணம் என்று இருக்கும் பிள்ளை மாதச் சம்பளத்துக்குப் போவதில் என்ன தவறு? தொழிலை விடுவது தோல்வி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆனால் எப்படி விடுகிறோம் என்பதில் நம்மை நம்பி வந்தவரின் சொத்தும் சில சமயம் சுதந்திரமும் இருக்கிறது. நம் ஆட்களில் பலர் சறுக்குவது இங்கேதான்.

முதலில் வக்காலத்து. வேலைக்குப் போய்விட்டால் அது தானாகக் காலாவதி ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 3, விதி 4-இன்படி, கட்சிக்காரரோ வக்கீலோ எழுதிக் கையெழுத்திட்டு, கோர்ட் அனுமதியோடு முடித்துக்கொள்ளும்வரை அந்த வக்காலத்து உயிரோடு இருக்கும். அதனால் வேலை உறுதியானதும் உங்கள் டைரியை எடுத்து உட்காருங்கள். உங்கள் பெயரில் வக்காலத்து உள்ள ஒவ்வொரு வழக்கையும், அடுத்த வாய்தாவோடு எழுதுங்கள். கட்சிக்காரரை நேரில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். போனில் சொன்னால் போதாது, எழுத்திலும் கொடுங்கள். அவர் வேறு வக்கீலைப் பார்த்துக்கொண்டால் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் பார்க்காவிட்டால், விலகிக்கொள்வதாக நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டில் மெமோ (சிறு குறிப்பு மனு) போட்டு அனுமதி வாங்குங்கள். பீஸ் பாக்கி என்று கட்டைப் பிடித்து வைக்காதீர்கள். பாக்கிக்காகக் கட்டை வைத்துக்கொள்ளும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது.

அடுத்தது, வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சில். முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி 49. வேலையில் சேர்ந்த விவரத்தைத் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, வக்கீலாகப் பதிவு செய்ததற்கான என்ரோல்மென்ட் அசல் சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்பித் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். சான்றிதழை அனுப்பினால் பட்டமே போய்விடும் என்று ஒரு பயம் எல்லோருக்கும் இருக்கிறது. போகாது, நிறுத்திதான் வைக்கிறோம். திரும்பி வர நினைத்தால், இடைப்பட்ட காலத்தில் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவில் சொல்லும் தகுதியிழப்பு எதுவும் தனக்கு நேர்ந்ததா என்று பிரமாணப் பத்திரம் போட்டு விண்ணப்பிக்கலாம். பெயரை அடியோடு நீக்கச் சொல்லிக் கேட்பது வேறு. அதே சட்டத்தின் 26ஏ பிரிவில் வரும் அதை அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, வேலையையும் வக்கீல் தொழிலையும் சேர்த்தே செய்ய முடியாதா? டாக்டராக இருந்த ஒருவர் மருத்துவத்தையும் விடாமல் வக்கீலாகப் பதிவு கேட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார். 1996-இல் முடியாது என்று தீர்ப்பானது. ஆனால் பார் கவுன்சிலின் விதி 51 சில வாசல்களைத் திறந்தே வைத்திருக்கிறது. சட்டத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்யலாம், பாடம் நடத்தலாம், பத்திரிகையில் எழுதலாம், சட்டப் புத்தகங்களைத் தொகுக்கலாம். முழுநேர வேலையாக மட்டும் ஆகக் கூடாது. விடுவதா வேண்டாமா என்று தவிக்கிறவர்கள் இதில் ஒரு வருடம் கால் வைத்துப் பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம், நீதிபதி ஆகும் எண்ணம் மனதின் ஓரத்தில் இருந்தால் தேதியைக் கவனியுங்கள். சிவில் நீதிபதி தேர்வுக்குக் குறைந்தது மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார் தேர்வில் தேறும் முன் கிடைக்கும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அந்தக் கணக்கு தொடங்கும். நீதிபதிகளிடம் லா கிளார்க்காக (சட்ட உதவியாளராக) இருந்த காலமும் சேரும். கம்பெனியில் ஒப்பந்தம் சரிபார்த்த காலத்தை அந்தக் கணக்கில் நம்பி இறங்காதீர்கள். உதவி அரசு வழக்கு நடத்துநர் பதவிக்கோ, குற்றவியல் கோர்ட்டில் ஐந்து வருடம் தொழில் செய்திருக்க வேண்டும். இரண்டரை வருடத்தில் கிளம்புகிற பிள்ளைகளிடம் இன்னும் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க முடியுமா என்று கேட்கிறேன். முடியாது என்றால் வற்புறுத்துவதில்லை.

அந்த அம்மாவின் வழக்கில் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுப் போட்டோம். சென்னையில் இருந்த தம்பிக்கு நானே போன் செய்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, நடந்ததை ஒளிக்காமல் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார். செலவுத்தொகை கட்டச் சொல்லிக் கோர்ட் மனுவை அனுமதித்தது. அந்தப் பணத்தை அவரே கட்டினார். கையோடு பார் கவுன்சிலுக்கும் பதிவுத் தபால் அனுப்பிவிட்டுத்தான் ரயில் ஏறினார்.