தடையுத்தரவை மீறப் போகிறவர்களுக்கு ஒரு வக்கீலின் வார்த்தை

போராட்டத்துக்குக் கிளம்பும் முன் வக்கீலைப் பார்ப்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் கைதாகி, கல்யாண மண்டபத்தில் அடைபட்டு, மாலையில் வெளியே வந்த பிறகுதான் வருகிறார்கள். முன்கூட்டியே வரும் சிலர் கேட்பது ஒன்றுதான்: "அநியாயமான உத்தரவு சார். மீறினா தப்பா?"

அறத்தின்படி தப்பில்லை என்றே நம்புகிறேன். ஆனால் மீறுவதற்கு ஒரு விலை உண்டு. அதை மீறுகிறவர் தெரிந்தே கொடுக்க வேண்டும். இன்னொருவர் தலையில் கட்டக் கூடாது.

1930-இல் வேதாரண்யத்துக்கு நடந்த ராஜாஜி சேலத்தில் பெயர்பெற்ற வக்கீலாக இருந்தவர். உப்புச் சட்டத்தை மீறினால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்டார். போகும் வழி, செய்யப்போகும் காரியம், எல்லாம் ஊரறிய. ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிக் கைதானார். கூழ் குடிப்பவனும் தவிர்க்க முடியாத பொருளுக்கு வரி. அந்த வரியைப் போட்டவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவனுக்கு இல்லை. அந்தச் சட்டத்தை மீறியதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை.

தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் செய்ததைக் கவனியுங்கள். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனைச் சட்டம் 157-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை என்று எச்சரித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்தார்கள். விளைவு தெரிந்தே செய்தார்கள் என்பதால்தான் அதை மதிக்கிறேன். இன்று போராட்டம் நடத்துகிறவர்கள் வேன் ஓட்டுபவரிடமும் பந்தல் போடுபவரிடமும் அனுமதி இல்லை என்ற உண்மையைச் சொல்கிறார்களா? சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

இன்று நமக்கு ஓட்டும் இருக்கிறது, கோர்ட்டும் இருக்கிறது. தடையுத்தரவை அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். நியாயமான கருத்தையோ குறையையோ அடக்க அப்போதைய 144 தடையைப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. அந்தக் கதவைத் தட்டிப் பார்க்காமல் நேரே மீறலுக்குப் போவது எனக்கு உடன்பாடில்லை. தட்டியும் திறக்கவில்லை, காத்திருந்தால் உரிமையே பறிபோகும் என்றால் அது வேறு கதை.

இப்படி உத்தரவை மீறுவதைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 223. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிருக்கு ஆபத்தோ கலவரமோ நேரும் என்றால் ஓராண்டு, 5,000 ரூபாய் வரை போகும். 188-க்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி எழுத்துமூலம் கோர்ட்டில் புகார் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. ஆகவே வழக்கு எப்படிப் பதிவானது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்காமலே, "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடலாமா?" என்று கேட்கிறார்கள். ஒத்துக்கொண்டால் அது குற்றத்தீர்ப்பு. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அது பின்னால் வந்து நிற்கும். 1922-இல் அகமதாபாத் கோர்ட்டில் காந்தியும் ஒத்துக்கொண்டார். அதிகபட்ச தண்டனையைக் கேட்டார், ஆறாண்டு கிடைத்தது. அந்த ஒப்புதலே அவருடைய போராட்டம். வாய்தாவுக்கு அலைய அலுத்துப்போய்ச் செய்வது அதுவாகாது.

வழக்கை நடத்துவதா, ஒத்துக்கொள்வதா என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு வாருங்கள். பெயர் கூப்பிடும் நேரத்தில் கோர்ட் வராந்தாவில் நின்று முடிவெடுக்காதீர்கள்.