வேலை ஒன்று, நியமன ஆணையில் பெயர் வேறு: தொண்டு நிறுவனக் கணக்காளர்கள் கவனிக்க வேண்டியவை

தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைப் பல ஆண்டுகளாகத் தணிக்கை செய்து வருகிறேன். களப்பணியாளர்களின் உழைப்பு ஆண்டறிக்கைகளில் படத்துடன் இடம்பெறுகிறது. அலுவலகத்தில் அமர்ந்து வவுச்சர் எழுதுபவர், பயிற்சிக்கு வந்தோரின் கையெழுத்துப் பட்டியலைக் கோப்பில் பாதுகாப்பவர், வாகன ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரோ செலவுக் கணக்கில் மட்டுமே தென்படுகிறார்கள். சில இடங்களில் அதிலும் அவர்கள் இல்லை.

ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலைச் சரிபார்த்தபோது, கணக்காளர் என்று ஒருவர்கூட அதில் இல்லாததைக் கண்டேன். ஆனால் என் எதிரே அமர்ந்து, நான் கேட்ட ஒவ்வொரு பில்லையும் தேடாமலே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்தான் ஏழு ஆண்டுகளாக அங்கே கணக்கு எழுதி வருபவர். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'கள ஒருங்கிணைப்பாளர்' என்று எழுதியிருந்தது. அதற்குப் பொருத்தமாக, அவர் போகாத கிராமங்களுக்குப் போய் வந்ததாக மாதந்தோறும் ஒரு பயண அறிக்கையும், அதன் கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தன. செயலரிடம் கேட்டேன். "அட்மின் செலவு கூடிவிடும் சார்" என்றார்.

அவர் அஞ்சியது எதற்கென்று எனக்குத் தெரியும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இல் வந்தபோது, ஓராண்டில் பெற்ற வெளிநாட்டு நன்கொடையில் 50 விழுக்காடு வரை நிர்வாகச் செலவுக்கு அனுமதி இருந்தது. 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அதை 20 விழுக்காடாகக் குறைத்தது. பெரிய நிறுவனங்கள் இதைத் தாங்கிக்கொண்டன. சிறியவற்றுக்கு அது இயலவில்லை. ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் வெளிநாட்டு நன்கொடை பெறும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நிர்வாகத்துக்குக் கிடைப்பது 6 லட்சம். அலுவலக வாடகை மாதம் 12,000 வீதம் 1,44,000, தணிக்கை மற்றும் சட்ட ஆலோசனைக் கட்டணம் 60,000, மின்சாரமும் தொலைபேசியும் 48,000, வாகனம் 60,000 என்று கழித்தால் எஞ்சுவது 2,88,000. அதாவது, கணக்காளர், அலுவலக உதவியாளர், துப்புரவுப் பணியாளர் மூவருக்கும் சேர்த்து மாதம் 24,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்த வேண்டிய பங்கும் இதற்குள்தான்.

நெருக்கடி உண்மையானது. பதவியின் பெயரை மாற்றி, ஊதியத்தைத் திட்டச் செலவில் காட்டுவதோ அதற்குத் தீர்வாகாது. எவையெல்லாம் நிர்வாகச் செலவு என்பதை அச்சட்டத்தின் விதிகளே வரையறுக்கின்றன: வாடகை, மின்கட்டணம், பயணம் ஆகியவற்றோடு, கணக்கு எழுதவும் நிதியை நிர்வகிக்கவும் ஆகும் செலவும் அதில் அடங்கும். மருத்துவமனை நடத்தும் அமைப்பில் மருத்துவருக்கும், பள்ளி நடத்தும் அமைப்பில் ஆசிரியருக்கும் கொடுக்கும் ஊதியம் அதில் சேராது. செய்யும் வேலையே அங்கே அளவுகோல். ஆணையில் எழுதிய பெயர் அன்று.

நேர்மையான வழிகள் இருக்கின்றன. 20 விழுக்காட்டுக்கு மேல் தேவைப்பட்டால் மத்திய அரசின் முன் அனுமதியைக் கோரச் சட்டமே இடம் தருகிறது. இந்த வரம்பு வெளிநாட்டு நன்கொடைக்கு மட்டுமே உரியது என்பதால், உள்ளூர் நன்கொடையிலிருந்து கணக்காளரின் ஊதியத்தில் ஒரு பகுதியைத் தரலாம். கணக்காளர் உண்மையிலேயே மாதத்தில் ஆறு நாள் மகளிர் குழுக்களுக்குக் கணக்குப் பயிற்சி அளிக்கிறார் என்றால், நாட்குறிப்பின் அடிப்படையில் அந்த ஆறு நாள் ஊதியத்தைத் திட்டச் செலவில் எழுதலாம். ஆறு நாளை இருபதாக்கக் கூடாது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியைப் பற்றிய ஒரு தவறான புரிதலையும் இங்கே சொல்லியாக வேண்டும். நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி, அந்தப் பணியை நிர்வகிக்கக் கம்பெனி தனக்குள் செய்யும் பொதுச் செலவுக்கானது. பணியை நிறைவேற்றும் தொண்டு நிறுவனத்தின் செலவுக்கு அது பொருந்தாது. ஆனாலும் அந்த எண்ணைக் காட்டியே கம்பெனி அதிகாரிகள் கணக்காளரின் ஊதியத்தை வரவு செலவுத் திட்டத்திலிருந்து அடித்துவிடுகிறார்கள். எதிரே அமர்ந்திருக்கும் செயலரும் மறுத்துப் பேசுவதில்லை. விதியைப் படித்துவிட்டுப் பேச்சுவார்த்தைக்குச் செல்லுங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் வற்புறுத்துகிறேன்.

பெயர் மாற்றத்தின் சுமை கடைசியில் விழுவது ஊதியம் குறைந்தவர் மீதுதான். ஆண்டுக் கணக்கில் கையெழுத்திடுபவர் நிறுவனத் தலைவர் என்றாலும், பொய்யான பயண அறிக்கையில் இருப்பது பணியாளரின் கையெழுத்து. விளக்கம் கேட்கப்படும் நாளில் அவர் என்ன சொல்வார்? இந்த அலுவலகங்களில் வேலைக்குச் சேருவோர், நியமன ஆணையில் தாம் செய்யப்போகும் வேலையே எழுதப்பட்டிருக்கிறதா, ஊதியம் எந்த நிதியிலிருந்து வருகிறது, அந்தத் திட்டம் எந்த மாதம் முடிகிறது, அதன்பின் ஊதியம் யார் பொறுப்பு என்பவற்றைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். செய்யாத பயணத்துக்கு எந்தச் சூழலிலும் கையெழுத்திட வேண்டாம்.

நிர்வாகக் குழுவினரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நன்கொடையாளர் விவரப் பட்டியலை மே 31-க்குள் வருமான வரித் துறைக்கு அளிக்கத் தவறினால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாய் கட்டணம். வெளிநாட்டு நன்கொடைக்கான ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31-க்குள் இணையத்தில் பதிவேற்ற வேண்டும். இவற்றை நினைவில் வைத்திருந்து முடிப்பவர், நீங்கள் பட்டியலில் மறைத்துவைத்த அதே கணக்காளர்தான்.

நான் சொன்ன நிறுவனத்தில் அந்த ஊதியத்தை நிர்வாகச் செலவுக்கே மாற்றி எழுதச் செய்தேன். வரம்பைத் தாண்டிய பகுதியை உள்ளூர் நன்கொடை ஏற்றது. அவருக்குக் 'கணக்காளர்' என்று புதிய ஆணையும் கிடைத்தது. ஆனால் அது அன்றைய தேதியிட்டது. இடையில் அவர் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவுக்கு விண்ணப்பித்தபோது, முந்தைய ஏழு ஆண்டு அனுபவத்துக்குச் சான்று கேட்டிருக்கிறார்கள். அவரிடம் இருந்தது கள ஒருங்கிணைப்பாளர் என்ற தாள் மட்டுமே. அந்த ஆண்டுகளில் அவர் செய்த வேலையை உள்ளபடி குறிப்பிட்டுச் சான்றளிக்க நிர்வாகக் குழு தீர்மானம் இயற்ற வேண்டும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.