'புட்' என்ற சின்ன வினையும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளும்

ஹட்டன் பக்கத்தில் ஹோட்டல் வேலைக்கும் முதியோர் பராமரிப்பு வேலைக்கும் தயாராகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தவர்களும் வருகிறார்கள். 'எக்ஸ்டிங்குவிஷ்', 'டொலரேட்', 'போஸ்ட்போன்' என்று கேட்டால் அணைப்பது, பொறுத்துக்கொள்வது, ஒத்திப்போடுவது என்று தயங்காமல் சொல்வார்கள். அதே பிள்ளைகள் 'புட் அவுட்', 'புட் அப் வித்', 'புட் ஒஃப்' என்றதும் விழிக்கிறார்கள். பொருள் ஒன்றுதான். பெரிய சொற்கள் கடிதத்திலும் ஒப்பந்தத்திலும் வரும், சின்னச் சொற்கள் வாயில் வரும். வேலைக்குப் போன இடத்தில் நம்மிடம் யாரும் கடிதம் எழுதி வேலை சொல்வதில்லை.

இந்த இரட்டை வழக்குக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நீதிமன்றத்திலும் அரண்மனையிலும் பிரெஞ்சு புகுந்தது. படிப்பிலும் தேவாலயத்திலும் லத்தீன் ஏற்கனவே இருந்தது. அந்த இரண்டிலிருந்தும் வந்தவைதான் நம் பாடப்புத்தகத்துப் பெரிய சொற்களில் பல. அடுப்படியிலும் வயலிலும் பேசிய சனம் தன் பழைய குட்டி வினைகளையே வைத்துக்கொண்டு, 'அப்', 'ஒஃப்', 'அவுட்' என்று ஒரு சிறுசொல்லைச் சேர்த்துப் புதுப்புதுப் பொருள்களை உண்டாக்கிக்கொண்டது. இன்றும் பேச்சு அந்த வழியில்தான் ஓடுகிறது.

கோப்பித் தோட்டக் காலத்திலிருந்தே மலையகம் ஆங்கிலத்தோடு பழகி வந்திருக்கிறது. ஆனால் நமக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் பொருள்களின் பெயர்கள்: லயன் என்கிற வரிசை வீடு, ஸ்டோர், டிஸ்பென்சரி. வினை தேவைப்பட்ட இடத்தில் 'கேன்சல் பண்ணு', 'செக் பண்ணு' என்று நம்முடைய 'பண்ணு'வையே ஒட்டிக்கொண்டோம். அதனால் இந்தக் கூட்டுவினைகள் வீட்டிலும் காதில் விழவில்லை, பள்ளிக்கூடத்திலும் போதிய அளவு விழவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமே இல்லை.

ஏப்ரல் மாத நுவரெலியா சீசனில் அறைகள் நிறைந்திருக்கும். ஒரு விருந்தாளி வரவேற்பு மேசைக்கு வந்து, "குட் யூ புட் அஸ் அப் ஃபோர் வன் மோர் நைட்?" என்று கேட்கிறார். இன்னும் ஓர் இரவு தங்க இடம் தர முடியுமா என்கிறார். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன், "மிஸ், மேல் மாடியில ரூம் கேக்குறாரா?" என்றான். அவன் அறிவாளிப் பிள்ளை. 'புட்' தெரியும், 'அப்' தெரியும், இரண்டையும் கூட்டிப் பார்த்தான். கூட்டினால் வராத பொருள் அது.

பராமரிப்பு வேலையில் இதன் கனம் வேறு. வெளிநாட்டில் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் என் மாணவி போனில் சொன்னாள்: காலையில் அந்த அம்மா "ஐவ் புட் மை பேக் அவுட்" என்றிருக்கிறார். 'அவுட்' மட்டும்தான் இவள் காதில் நின்றது. வெளியே போக ஆசைப்படுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்துத் தூக்கப் போயிருக்கிறாள். அவர் சொன்னதோ, முதுகு பிடித்துக்கொண்டது, அசைய முடியவில்லை என்று. அவர் வலியில் கத்தியதும் இவள் கையை விட்டதால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அவள் வேலைக்குப் போகுமுன் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்தவள்தான்.

அந்த 'புட் அவுட்'டையே எடுத்துக்கொள்ளுங்கள். நெருப்போடு வந்தால் அணைப்பது. குப்பைத் தொட்டியோடு வந்தால், அள்ளிப்போக வருபவர்களுக்காக வெளியே வைப்பது. ஒருவர் தன்னைப் பற்றி "ஐ ஃபெல்ட் எ பிட் புட் அவுட்" என்றால் மனம் சற்று நொந்துவிட்டது. முதுகோடு வந்தால் மேலே சொன்ன கதை. கூட இருக்கிற பொருள்தான் அர்த்தத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே 'புட் அவுட் = அணை' என்று ஒரு வரியில் எழுதி வைக்கிற கொப்பி நம்மை ஏமாற்றும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற 'நூறு ஃபிரேசல் வேர்ப்' என்ற கூட்டுவினைப் பட்டியல்களை நான் வகுப்பில் அனுமதிப்பதில்லை.

'புட் பேக்' இன்னொரு பொறி. கூட்டத்தை 'புட் பேக்' செய்தார்கள் என்று பிரித்தானியர் சொன்னால் நேரம் பிந்திவிட்டது என்று பொருள், முன்னுக்கு வந்தது என்றல்ல. ஆனால் கடிகாரத்தை 'புட் பேக்' செய்வதென்றால் முள்ளை ஒரு மணி பின்னுக்குத் திருப்புவது. பிரித்தானியாவில் மார்ச் கடைசி ஞாயிறு முள்ளை முன்னுக்கும் ஒக்டோபர் கடைசி ஞாயிறு பின்னுக்கும் வைப்பார்கள். இலங்கையில் அந்த வழக்கம் இல்லாததால், அங்கே வேலைக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

"இது என்ன மிஸ், பைத்தியக்கார மொழி" என்று யாராவது சலித்துக்கொண்டால், 'போடு' என்ற சொல்லை ஒரு வெள்ளைக்காரருக்கு விளக்கச் சொல்வேன். தாழ்ப்பாள் போடு, ஊசி போடு, சண்டை போடு, கையெழுத்துப் போடு. ஆடு குட்டி போடுகிறது. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் போடுகிறார்கள், கொழுந்து குறைந்தால் அரைநாள் கணக்கில் அரைப்பேர் போடுகிறார்கள். நம்மில் யாரும் இவற்றைப் பட்டியலில் படிக்கவில்லை. அரைப்பேர் போட்ட நாளில் அம்மா வீட்டுக்கு வந்து பேசியதைக் கேட்டு வளர்ந்தோம். 'புட்'டும் அப்படித்தான் உள்ளே போக வேண்டும், ஆளும் இடமும் பொருளும் உள்ள முழு வாக்கியமாக.

காதைப் பழக்குவதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்கிறேன். 'புட் இட் ஒஃப்' என்பது பேச்சில் மூன்று சொல்லாக வராது, 'புடிடொஃப்' என்று ஒரே மூச்சில் வரும். அழுத்தம் கடைசிச் சிறுசொல்லில் விழும். அதைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐ.ஈ.எல்.டி.எஸ்.இன் கேட்டல் பரீட்சையில் 40 கேள்விகளுக்கும் ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். கண்ணால் மட்டும் படித்தவர்கள் அங்கே தடுமாறுகிறார்கள்.

பேசும்போது இன்னொன்று. 'இட்', 'தெம்' போன்ற சுட்டுச்சொல் நடுவில்தான் நிற்கும்: 'புட் இட் ஒஃப்' சரி, 'புட் ஒஃப் இட்' பிழை. 'புட் அப் வித்' மட்டும் பிரியாது, 'புட் அப் வித் இட்' என்றே வரும். இறந்த காலத்திலும் 'புட்' உருமாறாது என்பதால் நேற்றா இன்றா என்பதைச் சூழலை வைத்துத்தான் அறிய வேண்டியிருக்கும். மாணவர் அகராதி ஒன்று வாங்குங்கள். அதில் 'புட்' என்ற சொல்லின் விளக்கம் முடிகிற இடத்தில் கூட்டுவினைகள் தனியாக, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு இருக்கும். வாரத்துக்கு இரண்டு போதும்.

வேலையிடத்தில் புரியாமல் போனால் தலையாட்டாதீர்கள். பரீட்சைக்குப் படித்த அந்தப் பெரிய சொற்கள் இங்கேதான் கைகொடுக்கும். வீட்டுக்காரர் மாத்திரையைக் காட்டி "புட் இட் ஒஃப் டில் ஷீ ஹேஸ் ஈட்டன்" என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடக்கிறார் என்று வையுங்கள். அவர் போகுமுன் "டூ யூ மீன் போஸ்ட்போன்? ஆஃப்டர் லஞ்ச்?" என்று கேட்டுவிடுங்கள். அவர் நின்று, ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.