பெட்டி மாறாத ஹாரம்

வங்கியின் நகைக்கடன் கவுன்ட்டரில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். புது நகையைக் கண்டால், 'எப்பக் கல்யாணம் நடந்தது?' என்று கேட்கத் தோன்றும்.

அந்த ஹாரம் வைகாசிக் கல்யாணத்தது. ஆனி முடிவதற்குள் என் மேசைக்கு வந்துவிட்டது. கடைக்காரர் கொடுத்த அதே சிவப்புப் பெட்டி, உள்ளே நாலாக மடித்த பில், கொக்கியில் இன்னும் அறுக்காத சீட்டு நூல். கொண்டுவந்தவர் பெண்ணின் அப்பா, பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர். "மண்டபத்துக்குப் பாக்கி, சமையல்காரருக்குப் பாக்கி சார். மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டுத்தான் வாங்கியாந்தேன்" என்றார். பக்கத்தில் நின்ற மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பில்லைக் காட்டி நாலரை லட்சம் கேட்டார். தரமுடியாது என்று சொல்வது என் வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கிராம் விலை 10,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 5 பவுன், அதாவது 40 கிராம் ஹாரம். சேதாரம் 15 சதவீதம் என்றால் 6 கிராம் கூடி, 46 கிராமுக்குப் பணம் கட்டுகிறோம்: 4,60,000. அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 13,800. மொத்தம் 4,73,800. வங்கித் தராசில் ஏறுவது அந்த 40 கிராம் மட்டும்தான். கல் பதித்திருந்தால் அதையும் கழிப்போம். 4 லட்சம் மதிப்பில் முக்கால் பங்கு கடன் என்றால் கைக்கு வருவது 3 லட்சம். கடையிலிருந்து நேராக வங்கிக்கு வந்திருந்தாலும் இதே கதைதான்.

'நகை செலவில்லையே சார், சேமிப்புதானே' என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை. மேலே சொன்ன கணக்கில் 73,800 ரூபாய் சுத்தமான செலவு. அடகு வைத்தாலும் விற்றாலும் அது திரும்பாது. கோயில் வேலைப்பாடு, ஆன்டிக் என்று போகப்போக அந்தத் தொகை ஏறும். சாதாரண சங்கிலிக்கும் வளையலுக்கும் குறையும். அதனால் கல்யாண பட்ஜெட் நோட்டில் தங்கத்தை ஒரே வரியாக எழுதாதீர்கள். எடைக்கு ஒரு வரி, சேதாரத்துக்கும் ஜி.எஸ்.டி.க்கும் இன்னொரு வரி. இரண்டாவது வரியைத் தனியாகப் பார்த்த பிறகு ஹாரத்தை விட்டுவிட்டு இரண்டு சங்கிலியோடு வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கத்தில் வரும் ஹெச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாளக் குறியீடு கட்டாயம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதை அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நகையும் மண்டபமும் பெரிய தொகை என்பதால் நிச்சயத்தன்றே பத்துப் பேர் கூடி அவற்றைப் பேசிவிடுகிறோம். நான் பார்த்தவரை கணக்கு அங்கே உடைவதில்லை. கடைசி இருபது நாளில் உடைகிறது. பத்திரிகை வைக்கப் போன காருக்கு டீசல், நாத்தனாருக்கு எடுத்த புடவையைப் பார்த்து ஓரகத்திக்கும் ஒன்று, முச்சந்திக்கு ஃபிளெக்ஸ், மச்சான் வாய்விட்டதால் டிரோன் கேமரா. ஒவ்வொன்றும் ஐயாயிரம், எட்டாயிரம். 'இவ்ளோ செலவு பண்ணிட்டோம், இதுக்குப் போய் பார்க்கறதா?' என்ற ஒரு கேள்வியில் எல்லாம் கரைந்துவிடும். அந்த இருபது நாளுக்கு 'சரி' சொல்லும் உரிமையை வீட்டில் ஒரே ஒருவரிடம் கொடுங்கள். அது அப்பாவாக இல்லாமல் இருப்பது நல்லது. சபையில் அப்பாக்களுக்கு 'வேணாம்' என்ற சொல் வாயில் வராது.

மண்டபத்தில் பேசிய வாடகை வேறு, கடைசியில் வரும் பில் வேறு. கரன்ட் யூனிட் கணக்கு, ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கு, துப்புரவு, கேஸ், மேலே ஜி.எஸ்.டி. சாவி வாங்கும்போதே மீட்டரை செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டில்தான் பெரிய ஓட்டை. 500 இலை என்று சமையல்காரரிடம் பேசியவர் 650 பத்திரிகை அடித்திருப்பார். கேட்டால், "எல்லாருமா வந்துடப் போறாங்க?" ஊர்ப் பத்திரிகைக்கு ஓர் ஆள் வருவார், உறவுப் பத்திரிகைக்கு நாலு ஆள் வருவார்கள் என்பது என் அனுபவக் கணக்கு. பத்திரிகைப் பட்டியலை இப்படி இரண்டாகப் பிரித்துப் பெருக்கிய பிறகே இலை பேச வேண்டும். ராத்திரி வரவேற்பு, காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு மூன்றுக்கும் ஒரே எண்ணிக்கை பேசுகிறவர்கள் காலை டிபனில் பணத்தைக் கொட்டுகிறார்கள். வெளியூர்க்காரர்களும் மண்டபத்தில் தங்கியவர்களும்தான் அதற்கு உட்காருவார்கள். பந்திக்கு ஒரு சித்தப்பாவை நிறுத்தி, எத்தனை பந்தி, எத்தனை இலை என்று எழுதச் சொல்லுங்கள். கணக்கு முடிக்கும்போது சமையல்காரரோடு சண்டை வராது.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பணம் வரும் மாதமும் முகூர்த்த மாதமும் ஒத்துப்போவதில்லை. கிருஷ்ணகிரியில் மாங்காயைக் கூழ் தொழிற்சாலைக்கு ஏற்றியவருக்குப் பணம் முழுதாகக் கைக்கு வருவதற்குள் வைகாசி முகூர்த்தம் முடிந்துவிடும். தக்காளியை நம்பித் தேதி குறிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆவணிக்குத் தள்ளிவைத்தால் நடுவில் வட்டிக்கு வாங்குவது மிச்சம். 'மூணு வட்டி' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். 3 லட்சம் வாங்கினால் மாதம் 9,000, வருடத்துக்கு 1,08,000. அசல் அப்படியே நிற்கும். கல்யாணத்துக்காக மகளிர் குழு லோன் எடுத்துவிட்டு, வாரத் தவணைக்கு இன்னொரு குழுவில் சேர்ந்தவர்களையும் பார்க்கிறேன்.

தாலிக்குத் தங்கம் உண்டா என்று இன்றும் கேட்டு வருகிறார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலிருந்த அந்த அரசுத் திருமண உதவி 2022-ல், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக மாறிவிட்டது. விதவையரின் மகள்களுக்கான ஈ.வெ.ரா. மணியம்மையார் திட்டம் வேறு. அதற்குக் கல்யாணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பத்திரிகையும் வேண்டும்.

மொய்யைப் பற்றிப் பேசினால் கோபப்படுகிறார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மொய்யை வரவில் எழுதாதீர்கள். பாதி மொய் நீங்கள் முன்பு செய்தது திரும்புவது. மீதி, நீங்கள் இனிமேல் செய்யவேண்டியது. "மொய் வந்தா மண்டபத்துக்குக் கட்டிடலாம்" என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தக்காளிக்காரரும் பாக்கி வைத்தார். முகூர்த்தத்தன்று மழை பெய்தது. வந்த கூட்டம் பாதி.

காவேரிப்பட்டணத்தில் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா, கணவர் இல்லை, மகள் கல்யாணத்துக்கென்று எங்கள் கிளையில் தனிக் கணக்கு தொடங்கினார். ஏ.டி.எம். கார்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் வரிசையில் நின்று, சீட்டு நிரப்பித்தான் எடுப்பார். "கார்டு இருந்தா அண்ணன் கேப்பாரு சார். இங்க வந்து நிக்கணும்னா யோசிப்பாரு." ஒருமுறை வரிசையில் நின்றவர் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். பேண்டு வாத்தியத்துக்கு எடுக்க வந்தாராம், நிற்கும்போதே மனசு மாறிவிட்டது.

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் மொய் நோட்டோடு வந்து, பணத்தை அதே கணக்கில் கட்டினார். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலில் சின்னதாக ஏதோ எழுதியிருந்தது. மொய் எழுதியவர் வீட்டில் அடுத்த விசேஷம் யாருக்கு, எப்போது இருக்கும் என்ற கணக்கு. முதல் பெயர் தாய்மாமன், 10,001 ரூபாய். எதிரே 'பெரியவன், வர்ற தை' என்று இருந்தது.