அக்ரெடிடேஷன்: தகுதியேற்பு

டிஜிட்டல் அடையாளச் சேவை தரும் நிறுவனங்களுக்கு அரசுகள் வகுத்திருக்கும் விதிகளைப் படித்தால் திரும்பத் திரும்ப வரும் சொல் அக்ரெடிடேஷன். தமிழில் 'அங்கீகாரம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பள்ளி, கல்லூரி பற்றிய செய்திகளில் இதனால் பெரிய தொந்தரவு இல்லை. அடையாளத் துறையில் உண்டு. அங்கே ஆதென்டிகேஷன் என்று இன்னொரு சொல் இருக்கிறது. பல செயலிகள் அதையும் 'அங்கீகாரம்' என்றே தமிழில் காட்டுகின்றன. விரல்ரேகையோ ஓடிபியோ கொடுத்து, இன்னார்தான் என்று உறுதி செய்வது ஆதென்டிகேஷன். அப்படி உறுதி செய்து தரும் நிறுவனத்தையே சோதித்து, இதை நம்பலாம் என்று அரசு ஏற்பது அக்ரெடிடேஷன். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், 'அங்கீகாரம் மறுக்கப்பட்டது' என்ற வரியைப் படிப்பவருக்குத் தன் விரல்ரேகை பொருந்தவில்லையா, நிறுவனமே தேறவில்லையா என்பது எப்படிப் புரியும்?

வேர் லத்தீனில் இருக்கிறது. 'க்ரேதெரே' என்றால் நம்புதல். கடனுக்குச் சொல்லும் கிரெடிட்டும் இதே வேரில் பிறந்ததுதான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'அக்ரெடிட்' என்ற வினை, ஒருவரை நம்பத்தக்கவர் என்று முன்னிறுத்துவதைக் குறித்தது. ஒரு நாட்டின் தூதர் இன்னொரு நாட்டின் தலைவரிடம் நற்சான்றுப் பத்திரம் கொடுக்கிறாரே, அந்த வழக்கத்தோடு ஒட்டிய சொல் இது. தூதரை அனுப்பியவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் அவர் பேச்சுக்கு மதிப்பு. நம்பிக்கையை ஒருவர் இன்னொருவருக்கு வழங்குகிறார் என்ற கருத்து அன்று முதல் இன்று வரை மாறவில்லை.

இன்றைய பொருளைத் தெளிவாகப் பார்க்க ஆஸ்திரேலியா நல்ல இடம். அங்கே பல ஆண்டுகள் வெறும் கொள்கைச் சட்டகமாக இருந்த ஏற்பாடு, 2024-ஆம் ஆண்டின் டிஜிட்டல் அடையாளச் சட்டத்தால் சட்ட வலு பெற்றது. சட்டம் மூன்று வகை நிறுவனங்களைப் பிரிக்கிறது. ஒருவருடைய அடையாளத்தைச் சரிபார்த்து உருவாக்கித் தருபவை முதல் வகை. அவர் ஒரு தொழில் நிறுவனத்தின் சார்பில் செயல்பட உரிமை உள்ளவரா என்பது போன்ற கூடுதல் பண்புகளை உறுதி செய்பவை இரண்டாம் வகை. இவற்றுக்கும் சேவை கேட்கும் அலுவலகத்துக்கும் நடுவே தகவலைக் கடத்தும் பரிமாற்றிகள் மூன்றாம் வகை. போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம்தான் ஒழுங்குமுறை அமைப்பு. தனியுரிமைப் பக்கத்தைத் தகவல் ஆணையர் அலுவலகம் கவனிக்கிறது. தேறிய நிறுவனம் முகப்பதிவை அந்த ஒரே நபரோடு ஒப்பிடலாம். கூட்டத்தில் இவர் யார் என்று தேடப் பயன்படுத்தக் கூடாது. சரிபார்ப்பு முடிந்ததும், சில விலக்குகள் தவிர, அந்தப் பதிவை அழித்துவிட வேண்டும். எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது.

ஆஸ்திரேலியாவில் அக்ரெடிடேஷனுக்கு விண்ணப்பிப்பது கட்டாயமில்லை. விண்ணப்பிக்காத நிறுவனமும் அடையாளச் சேவை நடத்தலாம். ஆனால் அரசின் நம்பக முத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது. லைசன்ஸிலிருந்து இது பிரியும் இடம் இதுவே. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மின் கையொப்பச் சான்றிதழ் வழங்கும் அமைப்புகளுக்குக் கட்டுப்பாட்டாளர் தருவது லைசன்ஸ். அது இல்லாமல் சான்றிதழ் வழங்கவே முடியாது. ஆகவே லைசன்ஸ் என்றால் உரிமம். அதில் குழப்பம் இல்லை.

சர்டிபிகேஷன் என்ற சொல்லில்தான் சிக்கல் கூடுகிறது. பிரிட்டனில் அடையாளச் சேவை நிறுவனத்தைத் தணிக்கை செய்து சான்று தருவது ஒரு சான்றளிப்பு அமைப்பு. அந்தச் சான்றளிப்பு அமைப்புக்கே தகுதி உண்டா என்று பார்ப்பது இன்னொரு தேசிய அமைப்பு. அக்ரெடிடேஷன் என்ற சொல் அங்கே இந்த மேல்படிக்கு மட்டும்தான். பன்னாட்டுத் தர நெறிகளின் வழக்கும் இதுவே. ஆஸ்திரேலியாவிலோ சேவை நிறுவனத்துக்கே நேராக அக்ரெடிடேஷன். எந்த நாட்டு விதியைத் தமிழில் எழுதுகிறோம் என்று பார்த்துத்தான் சொல்லைப் போட வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அங்கீகாரம் சமஸ்கிருதச் சொல்; தன்னுடையதாக்கிக்கொள்ளுதல், ஏற்றுக்கொள்ளுதல் என்பது பொருள். பத்திரிகையாளரின் அடையாள அட்டை முதல் வீட்டுமனை வரை எல்லாவற்றுக்கும் இதையே போடுகிறோம். ஏற்பது மட்டும் அதில் தெரிகிறது, சோதித்து ஏற்பது தெரியவில்லை. 'சான்று' நல்ல பழைய சொல். 'சால்' என்ற வேரிலிருந்து வருவது. நிறைவு, தகுதி இரண்டும் அதில் உண்டு. 'இந்திரனே சாலுங் கரி' என்னும் குறளில் சாலும் என்பது போதும், தகும் என்ற பொருளில் நிற்கிறது. கரி என்றால் சாட்சி. ஆனால் சான்றளிப்பை சர்டிபிகேஷனுக்குக் கொடுத்துவிட்டோம், அதைப் பறிக்க வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது 'தகுதியேற்பு'. தகுதியை ஆராய்ந்து ஏற்றல் என்று விரியும். தகுதியேற்பு பெற்ற நிறுவனம், தகுதியேற்பு விதிகள் என்று தொடராகவும் நன்றாக ஓடுகிறது. ஆதென்டிகேஷனை 'உறுதிப்படுத்தல்' என்று விட்டுவிடலாம். விதிகளில் அடிக்கடி வரும் இன்னும் இரண்டு: தவறு செய்த நிறுவனத்தைத் தற்காலிகமாக விலக்கி வைப்பது தகுதியேற்பு இடைநிறுத்தம், ஒரேயடியாகத் திரும்பப் பெறுவது தகுதியேற்பு நீக்கம். செய்திகளில் இரண்டையும் 'அங்கீகாரம் ரத்து' என்று எழுதக் கூடாது. இடைநிறுத்தப்பட்ட நிறுவனம் குறையைச் சரிசெய்துகொண்டு திரும்பி வரலாம். நீக்கப்பட்டது மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும்.